நிமிர்ந்து நடந்தால் உருளுவார்

என் முதுகைப் பற்றி ஊரில் எல்லாரும் ஓர் ‘ஆம்’ போட்டுத்தான் பேசுகிறார்கள். ‘திருச்செல்வத்துக்கு இன்னும் இடுப்பு வலிக்குதாம்.’ ‘குனியவே முடியலையாம்.’ ‘ராத்திரியில தூக்கம் இல்லையாம்.’ மழை பெய்தால் பெய்யுது என்கிறார்கள். பஸ் வராவிட்டால் வரல என்கிறார்கள். என் இடுப்புக்கு மட்டும் அந்த ‘ஆம்’. அதாவது அவன் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறான், உண்மை பொய்க்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம்.

வெளியார் பேசினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். என் மனைவி இராஜகுமாரியும் அப்படித்தான் பேசினாள். தன் தம்பி மோகனராஜோடு போனில் பேசும்போது, “மச்சானுக்கு வலி போகலையாம்டா” என்பாள். நான் அதே அறையில், அதே கட்டிலில், கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன். எனக்கு வலி போகாவிட்டாலும் பரவாயில்லை, இவள் ஒருத்தி மட்டும் அந்த ‘ஆம்’மை எடுத்துவிட்டுப் பேசினால் போதும் என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டு வாங்கவும் முடியாது. கேட்டால், “நம்பலைன்னு யாரு சொன்னா?” என்பாள்.

நான் கண்டி டவுனில் ஒரு சேலைக் கடையில் சேல்ஸ்மேன். கடை அக்குறணையைச் சேர்ந்த பாயிஸா ராத்தாவுடையது. வேலை செய்கிற நாங்கள் எல்லாரும், தமிழ் சிங்களம் என்ற வித்தியாசமில்லாமல், அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். சேலைக் கடையில் முதுகைக் கெடுப்பது சேலையின் பாரம் அல்ல, வாடிக்கையாளர்களின் விரல். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டை அந்த விரல் காட்டவே காட்டாது. தரையோடு தரையாக இருக்கும் கடைசித் தட்டைக் காட்டி, “அந்த மாம்பழக் கலர்” என்பார்கள். குனிந்து எடுத்துக் கொடுத்தால், “இது இல்ல, அதுக்கு அடியில இருக்கிறது” என்பார்கள். இப்படி இருபது வருஷத்துக்கு மேல் குனிந்தவனுக்கு டிஸ்க் விலகாமல் வேறென்ன விலகும்?

விலகியது. இடது கால் பெருவிரல் வரைக்கும் வலி இறங்கியது. கொஞ்ச நாளில் உடம்பே வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ரோட்டில் நான் நேராகப் போனாலும் வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்து த்ரீவீல்காரர்கள் இடப்பக்கமாக முந்தினார்கள். எண்ணெய் போட்டுப் பார்த்தோம். பத்துப் போட்டுப் பார்த்தோம். வெதமாத்தயா என்கிற சிங்கள நாட்டு வைத்தியர் ஒருவர் என் முதுகில் ஏறி மிதித்தும் பார்த்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்து, பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டி, தைப்பொங்கல் முடிந்ததும் ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் மாலை மஹியாவையில் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். இராஜகுமாரிக்கு மனதுக்குள் வேண்டிக்கொள்ளத் தெரியாது. காது கேட்காதவர்களிடம் பேசுவதைப் போலத்தான் அம்மனிடம் பேசுவாள். அன்றைக்கும் அப்படியே பேசினாள். “தாயே, கோணிக்கிட்டுப் போற எம்புருஷன் நிமிந்து நடந்து வீடு வந்தாருன்னா, ஆடித் திருவிழாவுக்கு ஈரத்துணியோட ஒன் கோயிலச் சுத்தி உருளுவாரு.” பூசாரி கேட்டார். மோகனராஜ் கேட்டான். பக்கத்து வீட்டுப் பாலம்மா அக்கா கேட்டதோடு, கன்னத்திலும் போட்டுக்கொண்டார். நானும்தான் கேட்டேன். வேண்டுவது அவள், உருளுவது நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் கத்திக்குப் போகிறவன் இதையெல்லாம் நின்று நிதானித்து யோசிப்பானா?

ஒப்பரேஷன் நடந்தது. இரண்டு கம்பியும் நாலு ஸ்க்ரூவும் வைத்தார்கள். இரண்டு மூன்று நாளில் எழுப்பி நடக்க விட்டார்கள். நிமிர்ந்துதான் நடந்தேன். வேறு விதமாக நடக்க வழியில்லை, உள்ளே இருப்பது கம்பி. இராஜகுமாரி வார்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். பெரிய டொக்டர் என்னை நிற்க வைத்து முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு, ஒப்பரேஷன் சக்ஸஸ் என்றார். நான் சிங்களத்தில் பணிவாக, வலி முன்பு மாதிரியே இருக்கிறது என்று சொன்னேன். அது போகப்போகக் குறையும் என்றார். குறையவில்லை. அடுத்த தடவை போனபோதும் சொன்னேன். புதிதாக ஒரு படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ஸ்க்ரூ எல்லாம் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். உண்மையிலேயே அழகாகத்தான் உட்கார்ந்திருந்தன. என்னால்தான் உட்கார முடியவில்லை.

என் தலைவிதி என்னவென்றால், வலி படத்தில் விழுவதில்லை, நிமிர்வு விழுந்துவிடுகிறது. கோணலாக இருந்த காலத்தில் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டாதவர்களே இல்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். இப்போது அதே வலியோடு கம்பு மாதிரி நிற்கிறேன், ஒருவரும் சீட்டை விட்டு அசைவதில்லை. “ஆள் ஜம்முனு ஆயிட்டீங்களே” என்று முதுகில் ஒரு தட்டு வேறு தட்டுகிறார்கள். அந்தத் தட்டில் எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கும். சாய்வு போனதில் உயரமும் கொஞ்சம் கூடிவிட்டது. காற்சட்டையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதைப் பார்த்தும் இராஜகுமாரி சந்தோஷப்பட்டாள்.

வார்டில் ஒரு நர்ஸ் எனக்குப் படுக்கையில் திரும்பப் பழக்கியிருந்தாள். முதுகை முறுக்கக் கூடாது. தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், மரக்குற்றியை உருட்டுவதைப் போல. தினமும் வீட்டிலும் பழக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். நானும் நல்ல பிள்ளையாக, காலையிலும் மாலையிலும் கட்டிலில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை உருண்டேன். அப்போதெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும்.

ஒருநாள் ஜன்னலில் பாலம்மா அக்காவின் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கப்படுகிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை உருண்டு காட்டினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆடித் திருவிழாவுக்கு நான் இப்போதே உருளப் பழகுகிறேன் என்று எங்கள் லயின் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆட்கள் ஓவல்டின் டின்னோடு வந்தார்கள். இவ்வளவு பக்தியுள்ள மனுஷன் என்று இத்தனை நாளும் தெரியாமல் போய்விட்டதே என்றார்கள். ஒரு பெரியவர், தம்பி உடம்பை முறுக்காமல் ஒரே சீராக உருளுகிறார், இது எல்லாருக்கும் வராது என்று பாராட்டிவிட்டுப் போனார். வார்டு நர்ஸ் சொல்லிக் கொடுத்தது என்று நான் விளக்கினேன். அதைக் கேட்ட இராஜகுமாரிக்குப் புல்லரித்துவிட்டது. “பாத்தீங்களா, சிங்கள நர்ஸ் வாயில வந்து அந்த அம்மாளே பழக்கியிருக்கா” என்றாள்.

அந்த வருஷ ஆடியில் டொக்டரின் பேரைச் சொல்லித் தப்பித்தேன். எலும்பு ஒட்டும் வரைக்கும் தரையில் உட்காரவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். பூசாரியும் பெருந்தன்மையாக, அம்மன் அடுத்த வருஷம் வரைக்கும் பொறுப்பாள் என்றார். நான் கடைக்குத் திரும்பினேன்.

பாயிஸா ராத்தா நல்ல மனுஷி. என்னைப் பார்த்த உடனேயே, “அல்ஹம்துலில்லாஹ், முந்திக்கு இப்ப எவ்வளவு நேரா ஈக்கிறீங்க” என்று சந்தோஷப்பட்டு, இனிமேல் நீங்கள் குனியவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது, விழத்தான் முடியாது. குனிகிற வேலைக்குப் பதிலாக அவர் கொடுத்தது வாசலில் நிற்கிற வேலை. இவ்வளவு எடுப்பாக நிற்கிற ஆளைக் கடைக்குள்ளே மறைத்து வைக்கக் கூடாதாம். கழுத்தில் டை கட்டி, காலையிலிருந்து மாலை வரைக்கும் வாசலில் நின்று, தமிழில் வாங்க வாங்க, சிங்களத்தில் என்ட என்ட என்று கூப்பிட வேண்டும். ஒப்பரேஷன் செய்த முதுகுக்கு ஓரிடத்தில் அசையாமல் நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அதைப் பார்த்தவர்கள் நான் சிரிக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். வியாபாரம் கூடியது.

இந்த நிலையில்தான் ஜனகனைக் கண்டுபிடித்தேன். யாழ்ப்பாணத்துப் பையன், கண்டியில் சொந்தமாகப் பிசியோதெரபி அறை வைத்திருக்கிறான். முதல்நாளே என்னைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தான். நான் கூரை பறக்கும்படி கத்தினேன். “ஓம், நோகும்தானே” என்றான், சாதாரணமாக. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனிடம் ஆறு மாதம் போகலாம் என்று தோன்றியது. எலும்பு சரியாகப் பொருந்தினாலும் நரம்பு சில பேருக்கு அடங்காது, இது உங்கள் ஒருவருக்கு வந்ததல்ல, முதுகு ஒப்பரேஷன் தோற்றுப்போன வருத்தம் என்று டொக்டர்மாரின் புத்தகங்களில் இந்த நோய்க்கு ஒரு பேரே இருக்கிறது என்றான். எனக்கு வந்திருப்பதற்குப் பேர் இருக்கிறது. பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அதை இராஜகுமாரியிடம் அரங்கேற்ற நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜனகன் கெடுத்துவிட்டான். அவனிடமிருந்து போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன், இவள் எடுத்திருக்கிறாள். அவன் மரியாதையாக, “அக்கா, அண்ணைக்கு அந்த நாரிப்பிடிப்பு இன்னும் விடேல்லையோ?” என்று விசாரித்திருக்கிறான்.

என் மனைவி கோயில் சொற்பொழிவு ஒன்றையும் விடாமல் கேட்கிறவள். நாரி என்றால் பெண் என்று அவளுக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடக் கிடைக்கவில்லை. கதிரையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாரு அந்த நாரி?” என்றாள்.

எந்த நாரி என்று கேட்டேன். உங்களுக்கு ஒரு நாரிப்பிடிப்பு இருக்கிறதாம், அது இன்னும் விடவில்லையாம், ஊர் பேர் தெரியாத பையன் எனக்குப் போன் எடுத்து விசாரிக்கிறான் என்றாள். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை என்று சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது என்றாள். வாசலில் நின்று போகிற வருகிற பெண்களையெல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிடுகிற வேலையையும் சேர்த்து இழுத்தாள். குனியவும் முடியாத, உட்காரவும் முடியாத ஒருவன் இந்த வயதில் எந்த நாரியைப் போய்ப் பிடிப்பான் என்று அவள் யோசித்திருக்க வேண்டாமா? எனக்கு ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், இவ்வளவு பெரிய காரியத்துக்கு என்னைத் தகுதியுள்ளவனாக நினைத்துவிட்டாளே என்று சின்னப் பெருமை. ஜனகனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தேன். யாழ்ப்பாணத்தில் நாரி என்றால் இடுப்புத்தான் அக்கா என்று அவன் பதறிப்போய் விளக்கினான். அவள் நம்பினாள். யாரோ ஒரு பையன் போனில் சொன்னதை ஒரே நிமிஷத்தில் நம்பினாள்.

அந்தச் சூட்டோடு நானும் என் செய்தியைச் சொன்னேன். இது தோற்றுப்போன ஒப்பரேஷன், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, ஆகவே நேர்த்திக்கடனும் செல்லாது என்றேன்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. “தோத்தது டொக்டரு. நா என்ன டொக்டருக்கா நேந்துக்கிட்டேன்? நிமிந்து நடக்கணும்னு கேட்டேன். நடக்கிறீங்களா இல்லையா?”

நடக்கிறேன்தான். வலி போக வேண்டும் என்று நீ கேட்கவில்லையே என்று மடக்கினேன். நிமிர்ந்தால் வலி தானாகப் போகும் என்றுதானே கேட்டேன் என்றாள். போகவில்லையே என்றேன். அதற்குத்தான் அவள் காத்திருந்திருக்கிறாள். நேர்த்தியைக் கொடுக்காமல் வைத்திருந்தால் எப்படிப் போகும், அம்மன் ஞாபகப்படுத்துகிறாள் என்றாள்.

இதற்குப் பிறகு எனக்கு வெளியே வரும் வழியெல்லாம் அடைபட்டுப் போனது. வலிக்கிறது, உருள முடியாது என்றால், உருளாததால்தான் வலிக்கிறது, ஆகவே உருளுங்கள். வலிக்கவில்லை என்றால், பிறகென்ன, உருளுங்கள். மோகனராஜ் வந்தான். அவனும் அதையே சொன்னான். பாலம்மா அக்கா வந்தார். அவ்வளவு அழகாக உருளுகிறவர் ஏன் பின்வாங்குகிறார் என்று வருத்தப்பட்டார். மறுத்தால், இத்தனை காலமும் பொய்க்கு முனகியவன் என்று முடிவாகிவிடும். அந்த முடிவை என் மனைவியும் எடுத்துவிடுவாள் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆத்திரத்தில், சரி, இந்த ஆடிக்கு உருளுகிறேன், ஊரே வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மனதுக்குள் ஒரு திட்டமும் இருந்தது. ஜனத்தின் நடுவில் வலி வந்ததும் மலை அதிரக் கத்துவேன். அதற்குப் பிறகு யார் ‘ஆம்’ போடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜனகனிடம் கேட்டபோது தலையில் கை வைத்தான். வேண்டாம் என்றுதான் சொன்னான். செய்தே ஆக வேண்டுமென்றால் ஒருவர் தோளையும் ஒருவர் நாரியையும் பிடித்து ஒன்றாகத் திருப்ப வேண்டும், தனித்தனியாக முறுக்கினால் கம்பிக்குக் கேடு, நோகாது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்றான். இராஜகுமாரியையும் மோகனராஜையும் கூப்பிட்டு ஒரு தலையணையை உருட்டிக் காட்டினான். அவர்கள் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைப் போலக் கவனமாகப் பார்த்தார்கள்.

திருவிழா அன்று காலை மழை விட்டிருந்தது. பெரஹரா ஊர்வலம் பார்க்கச் சனம் சேருகிற காலமாதலால் கீழே டவுனில் வாகனங்கள் நின்று ஊதுகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு கோயில் வாசலில் படுத்தேன், இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக் கும்பிட்டபடி. மேளம் தொடங்கியது. “மோகன், நீ தோளப் புடி. நா நாரியப் பாத்துக்கிறேன்” என்றாள் இராஜகுமாரி. அந்த வார்த்தை அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

எங்கள் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்டியில் சமதரை என்று ஒன்று கிடையாது, இருந்த கொஞ்சத்திலும் குளத்தை வெட்டிவிட்டார்கள். கோயிலின் வெளிப்பாதை ஒரு பக்கம் இறக்கம், மறுபக்கம் ஏற்றம். முதலில் வந்தது இறக்கம். இரண்டு புரளல் வரைக்கும் எல்லாம் ஜனகன் சொன்னபடி நடந்தது. மூன்றாவதில் நான் யார் கைக்கும் நிற்கவில்லை. ஈரச் சிமெந்தில் நான் பாட்டுக்கு இறங்கினேன். மேளக்காரர்கள் எனக்கு முன்னால் ஓடினார்கள், ஓடிக்கொண்டே அடித்ததில் தாளமும் ஓட்டத்துக்கு மாறிவிட்டது. மோகனராஜ், மச்சான் மெதுவா, மெதுவா என்று பின்னால் கத்திக்கொண்டு வந்தான். என்னிடம் அதைச் சொல்லி என்ன செய்ய? பின்சுவர் மூலையில் பாலம்மா அக்காவும் இரண்டு பெண்களும் குறுக்கே உட்கார்ந்து என்னைத் தடுத்துப் பிடித்தார்கள். சனம் அரோகரா போட்டது. இவ்வளவு வேகமாக இந்தக் கோயிலில் யாரும் உருண்டதில்லை என்று பூசாரி பிறகு சொன்னார்.

மூலை திரும்பியதும் ஏற்றம். இப்போது அவர்கள் தள்ள வேண்டும். மோகனராஜ் தோளைத் தள்ளினான். இராஜகுமாரி இரண்டு கையையும் என் இடுப்பில் வைத்துத் தள்ளினாள். மோகனராஜ் ஒரு கணம் முந்திவிட்டான். அவ்வளவுதான். இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் வெட்டி இழுத்தது. அதற்கு முன்னால் எனக்கு வந்ததெல்லாம் வலியே இல்லை என்று தோன்றியது.

நான் சத்தம் போடுகிறவன். அது ஊருக்கே தெரியும். தேத்தண்ணி சுட்டால் கத்துவேன், நகம் வெட்டும்போது சதையில் பட்டால் கத்துவேன், இரண்டு வருஷமாக எழும்பும்போதும் படுக்கும்போதும் கத்தியிருக்கிறேன். இன்றைக்கென்று பெரிதாக ஒன்று திட்டம் போட்டும் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூச்சே ஏறவில்லை, சத்தம் எங்கிருந்து வரும்? நெற்றியைச் சிமெந்தில் வைத்துக்கொண்டு கிடந்தேன். மேளம் போய்க்கொண்டேயிருந்தது. இப்படியே செத்தாலும் பக்தி முத்திவிட்டது என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

இராஜகுமாரியின் கைகள் என் இடுப்பில் இருந்தன. தள்ளவில்லை. அப்படியே நின்றுவிட்டன. அவள் உள்ளங்கைக்குக் கீழே என் சதை பிடித்து இழுத்துத் துடிப்பது எனக்கே தெரிந்தது.

“இன்னும் கொஞ்சந்தான்க்கா, ஒரே தள்ளு” என்றான் மோகனராஜ்.

“கைய எடுடா” என்றாள். “இவரு கத்தல பாரு.”

அவனுக்கு விளங்கவில்லை. கத்தாவிட்டால் நல்லதுதானே என்றான். அவள் எழுந்து மேளத்தை நிறுத்தச் சொன்னாள். நின்றது. அரோகரா போட்டவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவள் கோயிலின் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மன். சுவர் இருப்பதால் வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினாள்.

“தாயே, நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன். நிமிந்து நடக்கணும்னு கேட்டேன், நீயும் குடுத்துட்ட. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. இவருக்கு வலிக்குது. நெசமா வலிக்குது. இந்த மனுஷன் கத்தக்கூட முடியாமக் கெடக்காரு. மிச்சத்த நா உருண்டுர்றேன், இவர விட்டுரு.”

சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் கிடந்த இடத்திலேயே படுத்தாள்.

மேளக்காரர்கள் இரண்டு பேர் என்னை நிமிர்த்திச் சுவரோரமாக நிறுத்தினார்கள். எனக்கு மூச்சு வந்தது, கண்ணீரும் சேர்ந்து வந்தது. வலியால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். இரண்டு வருஷமாகக் காத்திருந்த ஒரு வார்த்தை, அதுவும் நூறு பேருக்கு முன்னால், அம்மனிடமே. வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

இராஜகுமாரி பருமனான உடம்புக்காரி. பாதை ஏற்றம். மோகனராஜும் பாலம்மா அக்காவும் வேர்த்துக் கொட்டத் தள்ளினார்கள். அவள் பாதி தூரம் ஏறுவாள், கொஞ்சம் திரும்பி வருவாள். நான் பக்கத்தில் நிமிர்ந்து நடந்து வந்தேன். என்னால் குனிந்து ஒரு விரலால்கூட அவளைத் தள்ள முடியாது. முழங்கை கவனம், கல் இருக்குது, தலையை உள்ளே இழு என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த நிலைமையிலும் அவள், “சும்மா நடந்து வாங்க, எனக்குத் தெரியும்” என்று என்னை அதட்டினாள்.

வீட்டுக்கு வந்து நான் கட்டிலில் படுத்தேன், முறைப்படி தோளையும் இடுப்பையும் ஒன்றாகத் திருப்பித்தான். முழங்கை இரண்டிலும் மஞ்சள் பூசிக்கொண்டு அவள் வந்தாள். கதிரையை எடுத்து வந்து கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். சேலையில் இன்னும் கோயில் சேறு இருந்தது.

“எங்க வலிக்குது? எப்பிடி வலிக்கும்? எனக்குச் சொல்லுங்க” என்றாள்.

இதற்கு ஒரு பெரிய பதில் என்னிடம் தயாராக இருந்தது. எந்த இடத்தில் தொடங்கி எந்த நரம்பு வழியாக எப்படி இறங்கும், காலையில் எப்படி, குளிரில் எப்படி, இருமினால் எப்படி என்று ஒரு சொற்பொழிவே கட்டி வைத்திருந்தேன். அவளுடைய முழங்கைகளைப் பார்த்தேன். தோல் உரிந்து சிவந்து, மஞ்சளையும் மீறி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இடுப்பு தன் பாட்டுக்கு வெட்டி இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

“இப்ப கொஞ்சம் பரவாயில்ல” என்றேன்.

அவள் நம்பவில்லை.